வங்கி ஏலத்தில் வரும் அடுக்குமாடி வீடு: விலைக் குறைப்பு யாருக்கு லாபம்?

சென்னை மடிப்பாக்கத்தில் இரண்டு படுக்கையறை கொண்ட வீடு ஒன்று, அதே தெருவில் விலை பேசப்படும் வீடுகளைவிட ஏறத்தாழக் கால் பங்கு குறைவான அடிப்படை விலையில் ஏலத்துக்கு வருவதாக நாளிதழில் பார்த்தேன். ஏலத்தில் கலந்துகொள்ளக் கட்ட வேண்டிய முன்வைப்புத் தொகையைச் செலுத்தும் நிலை வரை போய்விட்டு, கடைசி வாரத்தில் பின்வாங்கினேன். அந்த இரண்டு மாத அலைச்சலில் தெரிந்துகொண்டவற்றை வைத்தே இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன்.

கடன் தவணை நின்றுபோன வீட்டை நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்காமலேயே விற்க, 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டம் வங்கிகளுக்கு அதிகாரம் தருகிறது. 60 நாள் அறிவிப்புக்குப் பிறகும் கடன் தீராவிட்டால் வங்கி சுவாதீனம் எடுக்கலாம், அதாவது வீட்டைத் தன் வசம் எடுத்துக்கொள்ளலாம். விலை குறைவதற்கான காரணம் பெரும்பாலும் இந்தச் சுவாதீனம் என்ற சொல்லுக்குள்தான் ஒளிந்திருக்கிறது. கதவில் அறிவிப்பை ஒட்டி நாளிதழில் வெளியிட்டாலே அது அடையாளச் சுவாதீனம் ஆகிவிடும். சாவி வங்கியின் கையில் இருந்தால்தான் அது நேரடிச் சுவாதீனம். நான் பார்க்கப் போன வீடு முதல் வகை. பார்வையிடும் நாளில் வந்த அதிகாரி எங்களைத் தெருவில் நிறுத்தியே வீட்டைக் காட்டினார். பால்கனியில் பள்ளிச் சீருடைகள் காய்ந்துகொண்டிருந்தன. உள்ளே இருப்பவர்களை வெளியேற்ற நடுவரிடம் (மாஜிஸ்திரேட்) வங்கி மனுச் செய்ய வேண்டும். அதற்குச் சட்டம் கெடு விதித்திருந்தாலும், அந்தக் கெடுவை நம்பி வாடகை வீட்டைக் காலிசெய்ய எனக்குத் துணிவு வரவில்லை.

பணம் கட்டும் முறையோ கடுமையானது. வழக்கமாகப் 10 சதவீதம் முன்வைப்பாகக் கேட்கிறார்கள். ஏலம் கிடைத்தால், அதையும் சேர்த்து 25 சதவீதத்தை அன்றோ அடுத்த வேலை நாளிலோ கட்டிவிட வேண்டும். மீதி 75 சதவீதத்துக்கு, விற்பனை உறுதியானதிலிருந்து 15 நாள். வங்கி எழுத்துமூலம் சம்மதித்தால் மட்டுமே அது மூன்று மாதம் வரை நீளும். தவறினால் கட்டிய பணம் பறிபோகும். வீட்டுக்கடனை நம்பி ஏலம் கேட்பவர், கடன் ஒப்புதலை முன்கூட்டியே கையில் வைத்திருப்பது அவசியம்.

பழைய அச்சம் ஒன்று பெரிதும் குறைந்திருப்பதையும் சொல்ல வேண்டும். ஏலம் முடிந்த பிறகும் கடனாளி பணத்தைக் கட்டி வீட்டை மீட்டுவிடுவாரோ என்ற கவலை முன்பு இருந்தது. 2016ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், ஏல அறிவிப்பு வெளியாவதோடு அந்த உரிமை முடிந்துவிடுகிறது என்பதை 2023இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. ஆனால் கடன் வசூல் தீர்ப்பாயத்தில் வழக்கு இருந்தால் தடையாணை வரலாம் என்பதால், வழக்கு உண்டா என்று வங்கிக்குக் கடிதம் எழுதிக் கேட்பது நல்லது. எனக்கு வந்த பதில் ஒரே வரி: உள்ளது உள்ளபடியே விற்கப்படுகிறது.

அந்த வரியின் முழுச் சுமையும் வாங்குபவர் தலையில்தான். வில்லங்கச் சான்று, பிரிக்கப்படாத மனைப் பங்கின் (மொத்த நிலத்தில் அந்த வீட்டுக்குரிய பங்கு) அளவு, குடியிருப்போர் சங்கத்துக்கான பராமரிப்பு நிலுவை எல்லாவற்றையும் அவரே விசாரிக்க வேண்டும். பழைய உரிமையாளரின் மின்கட்டண பாக்கியைக் கட்டினால்தான் புது இணைப்பு என்று மின்வாரியம் நிபந்தனை விதிக்க முடியும் என்பதும் 2023ஆம் ஆண்டுத் தீர்ப்புதான். வேளச்சேரிப் பக்கம் பார்த்த இன்னொரு வீடு நான்காம் மாடியில் இருந்தது. கட்டட அனுமதி வரைபடத்தில் மூன்று மாடிகள்தாம் இருந்தன. அதற்குக் கடன் கொடுத்ததும் ஒரு வங்கிதான் என்பதை நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது.

சாவி வங்கியிடம் இருந்து, வரைபடமும் வீடும் ஒத்துப்போய், கையில் பணமும் தயாராக இருந்தால், 15 சதவீதம் குறைந்தாலே நான் வாங்குவேன். ஆள் குடியிருக்கும் வீட்டுக்கு 30 சதவீதம் குறைத்தாலும் போதாது. மடிப்பாக்கம் வீடு மீண்டும் ஏலத்துக்கு வந்திருக்கிறது. அடிப்படை விலையை இன்னும் குறைத்திருக்கிறார்கள், சுவாதீனம் மட்டும் இப்போதும் அடையாளச் சுவாதீனம்தான்.