மூன்று விதத் தொடக்கப் பள்ளிகள்: முன்னேற்ற அறிக்கையை வைத்து ஓர் ஒப்பீடு

தொடக்கப் பள்ளி தேடிப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது வரவேற்பறையில் மாட்டியிருக்கும் பலகையைத்தான். நேர்மை, அன்பு, படைப்பாற்றல், ஒவ்வொரு குழந்தையும் தனித்துவமானது. எந்தப் பள்ளிக்குப் போனாலும் இதே வரிகள், வரிசை மட்டும் மாறியிருக்கும். அதை வைத்துக்கொண்டு இரண்டு பள்ளிகளுக்கு நடுவே ஒரு வித்தியாசமும் கண்டுபிடிக்க முடியாது. நான் கேட்டு வாங்கிப் பார்க்கச் சொல்வது வேறொன்று: போன வருஷத்து முன்னேற்ற அறிக்கை ஒன்று, பிள்ளையின் பெயரை மறைத்து. ஒரு பள்ளி எதைக் கவனித்து எழுதி வைக்கிறதோ, அதுதான் அதன் நிஜமான கொள்கை.

அந்தக் கண்ணோடு மூன்று வகைப் பள்ளிகளைப் பார்ப்போம். பாடநூல், பீரியட், பரீட்சை என்று ஓடுகிற வழக்கமான பள்ளி முதலாவது. கருவிகளைக் கையாண்டு பிள்ளைகள் தாங்களாகவே கற்கும் மாண்டிசோரி இரண்டாவது. கதை, கலை, தாளம் வழியாகக் கற்பிக்கும் வால்டார்ஃப் மூன்றாவது.

அறிக்கைக்கு முன்னால் வகுப்பறை. 1347-உடன் 2486-ஐக் கூட்ட வேண்டும். வழக்கமான வகுப்பில் பிள்ளை ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதுகிறது. ஏழும் ஆறும் பதிமூன்று, மூன்றை எழுதி ஒன்றைக் கையில் வைத்துக்கொள்கிறது. அந்த ஒன்று உண்மையில் பத்து என்பது பலருக்குப் புரிவதே இல்லை. ஆனாலும் விடை 3833 சரியாக வந்துவிடும், மார்க்கும் விழுந்துவிடும்.

மாண்டிசோரி வகுப்பில் இதே கணக்குக்குத் தங்க நிற மணிகள் இருக்கின்றன. தனி மணி ஒன்று. பத்து மணி கோத்த கம்பி பத்து. பத்துக் கம்பி சேர்ந்த சதுரம் நூறு. பத்துச் சதுரம் அடுக்கிய கனசதுரம் ஆயிரம். இரண்டு எண்ணையும் மணிகளாக எடுத்து வந்து ஒன்றாகக் கொட்டி எண்ணுகிறார்கள். தனி மணி பதிமூன்று வந்தால், பத்தை எடுத்துக்கொண்டு போய் வகுப்பிலுள்ள ‘வங்கி’யில் கொடுத்து ஒரு கம்பி வாங்கிவர வேண்டும். கையில் வைத்துக்கொண்ட ஒன்று என்ன என்று அந்தப் பிள்ளைக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அதைத் தூக்கிக்கொண்டு நடந்தது அதுதானே.

வால்டார்ஃபில் எண்கள் உடம்பு வழியாக வருகின்றன. வாய்ப்பாட்டைக் கைதட்டி, காலால் தாளம் போட்டுச் சொல்வார்கள். அப்புறம் ஒரு வட்டத்தில் 0 முதல் 9 வரை புள்ளி வைத்து, நான்காம் வாய்ப்பாட்டின் கடைசி இலக்கங்களை வரிசையாகக் கோட்டால் இணைப்பார்கள்: 4, 8, 2, 6, 0. ஐந்து முனை நட்சத்திரம் வந்து நிற்கும். மூன்றாம் வாய்ப்பாட்டுக்குப் பத்து முனை. அழகான விஷயம். ஆனால் அழகு புரிந்த எல்லாப் பிள்ளைக்கும் கணக்கு வந்துவிட்டது என்று சொல்ல முடியாது, அதைத் தனியாகச் சோதித்துத்தான் ஆக வேண்டும்.

சரி, அறிக்கைக்கு வருவோம்.

வழக்கமான பள்ளியின் அறிக்கையில் கணிதம் 72, மொழி 81, சில இடங்களில் ரேங்க். இதன் பெரிய வசதி, யாருக்கும் உடனே புரியும். குறை என்னவென்றால், அந்த 72-ஐ வைத்துக்கொண்டு வீட்டில் எதுவும் செய்ய முடியாது. கழித்தலில் தடுமாறுகிறதா, கேள்வியைப் படித்துப் புரிந்துகொள்வதில் தடுமாறுகிறதா? தெரியாது. ரேங்க் இன்னும் மோசம். பிள்ளை நிறையக் கற்றிருந்தும் பக்கத்து நாற்காலிக்காரர் கொஞ்சம் கூடுதலாகக் கற்றிருந்தால் ரேங்க் இறங்கிவிடும். தொடக்க வகுப்பில் ரேங்க் போடுவதற்கு உருப்படியான ஒரு காரணம்கூட எனக்குத் தோன்றவில்லை.

மார்க்குக்குப் பக்கத்தில் ஒரு வரி கருத்தும் எழுதிவிட்டால் சரியாகிவிடாதா? ரூத் பட்லர் 1988-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சோதித்தது. ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளில் ஒரு குழுவுக்கு மார்க் மட்டும், ஒன்றுக்குக் கருத்து மட்டும், ஒன்றுக்கு இரண்டும். கருத்து மட்டும் பெற்றவர்கள்தான் முன்னேறினார்கள். இரண்டும் பெற்றவர்கள் மார்க் மட்டும் பெற்றவர்களைப் போலவே நின்றுவிட்டார்கள். மார்க்கைப் பார்த்த கண் கருத்துக்குப் போவதில்லை, அவ்வளவுதான். ஆகவே வழக்கமான பள்ளியைத் தேர்ந்தெடுப்பதாக இருந்தால், நோட்டைத் திருத்தும்போது ஆசிரியர் என்ன எழுதுகிறார் என்று பாருங்கள். வெறும் டிக்கும் ‘குட்’டும்தான் என்றால் நல்ல அறிகுறி இல்லை. எந்த வரியில் எப்படித் தப்பு வந்தது என்று குறித்திருந்தால், அந்தப் பள்ளிக்குப் பெரிய பெயர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

மாண்டிசோரியில் மார்க் கிடையாது. ஆசிரியரிடம் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பதிவு இருக்கும்: எந்தப் பாடம் காட்டப்பட்டது, எதைப் பழகிக்கொண்டிருக்கிறது, எது கைவந்துவிட்டது. பொதுவாக 6 முதல் 9 வயதுவரை ஒரே வகுப்பு, 9 முதல் 12 வரை இன்னொன்று. இடைவெளியில்லாத நீண்ட வேலை நேரம், மூன்று மணிநேரம் என்பது இலக்கு. இந்தப் பதிவு ஒழுங்காக இருந்தால் மூன்று முறைகளிலும் அதிகத் தகவல் தருவது இதுதான். இல்லாவிட்டால் பிள்ளை தனக்குப் பிடித்த இரண்டு வேலைகளையே மாதக்கணக்கில் செய்துகொண்டு, பிடிக்காததை நைசாகத் தவிர்த்துவிடும், யாருக்கும் தெரியாது.

மரியா மாண்டிசோரி 1907-இல் ரோமில் தொடங்கியது சின்னப் பிள்ளைகளுக்கான இல்லம். 6 முதல் 12 வயதுக்கான திட்டத்தின் முக்கியமான பகுதி, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அவர் கொடைக்கானலில் தங்கியிருந்தபோது உருவானது. இது பலருக்குத் தெரியாது. மாண்டிசோரி என்ற பெயரை யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்பதும் பலருக்குத் தெரியாது. அதனால் பெயர்ப்பலகையை நம்ப வேண்டாம். மூன்று வெவ்வேறு வயதுப் பிள்ளைகள் கலந்த வகுப்பா, பயிற்சி பெற்ற ஆசிரியரா, மணிப்பெட்டிகள் கைபட்டுத் தேய்ந்திருக்கின்றனவா அல்லது கண்ணாடி அலமாரியில் பளபளக்கின்றனவா என்று பாருங்கள். முறை நன்றாக நடந்தால் பலன் உண்டு என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. 2006-இல் லிலார்ட், எல்ஸ்-க்வெஸ்ட் என்ற ஆய்வாளர்கள் அமெரிக்காவின் மில்வாக்கியில், மாண்டிசோரிப் பள்ளியில் குலுக்கலில் இடம் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் ஒப்பிட்டார்கள். 5 வயதில் எழுத்தறிவிலும் கணக்கிலும் மாண்டிசோரிப் பிள்ளைகள் முன்னால் இருந்தார்கள். 12 வயதில் அவர்களுடைய கட்டுரைகளில் கற்பனை கூடுதலாக இருந்தது. எழுத்துப்பிழை, நிறுத்தக்குறி போன்றவற்றில் வித்தியாசம் இல்லை.

வால்டார்ஃப் அறிக்கை ஒரு கடிதம் மாதிரி இருக்கும். வகுப்பாசிரியர் பிள்ளையைப் பற்றிப் பத்தி பத்தியாக எழுதுவார், பல பள்ளிகளில் அந்தப் பிள்ளைக்கென்றே ஒரு பாட்டு வரிகூடச் சேர்ப்பார். 1919-இல் ஸ்டுட்கார்ட்டில் வால்டார்ஃப்-அஸ்டோரியா சிகரெட் ஆலைத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்காக ஆலைத் தலைவர் எமில் மோல்ட் கேட்க, ஆன்மிகச் சிந்தனையாளர் ருடால்ஃப் ஸ்டைனர் அமைத்த முறை இது. காலையில் ஏறக்குறைய இரண்டு மணிநேரம் ஒரே பாடம், மூன்று நான்கு வாரம் தொடர்ந்து. பாடநூலுக்குப் பதில் பிள்ளைகள் தாங்களே எழுதி வரைந்து உருவாக்கும் நோட்டு. கூடியவரை ஒரே வகுப்பாசிரியர் எட்டாம் வகுப்புவரை கூடவே வருவார். நல்லவர் அமைந்தால் வரம். அமையாவிட்டால் எட்டு வருஷம், யோசித்துக்கொள்ளுங்கள்.

இங்கே வாசிப்பு ஏழு வயதை ஒட்டித்தான் தொடங்கும். பயப்பட வேண்டாம் என்பதற்கு நியூசிலாந்தில் செபாஸ்டியன் சுகேட் குழுவினர் செய்த ஆய்வைக் காட்டுவார்கள்: 5 வயதில் தொடங்கியவர்களுக்கும் 7 வயதில் தொடங்கியவர்களுக்கும் 11 வயதுவாக்கில் வாசிப்பில் வித்தியாசம் இல்லை. உண்மைதான். ஆனால் அது சராசரி. வாசிப்புக் குறைபாடு உள்ள பிள்ளை ஒன்று அந்த வகுப்பில் இருந்தால், எட்டு வயதுவரைகூட எல்லாரும் ‘தானாக வரும்’ என்று சொல்லிக்கொண்டே இருக்கலாம். என் மனக்குறை இங்கேதான். அறிக்கை அன்பாக இருக்கிறது, பிள்ளையின் குணத்தைத் துல்லியமாகச் சொல்கிறது, ஆனால் பிள்ளை எத்தனை சொல்லைத் தடுமாறாமல் படிக்கிறது என்று சொல்வதில்லை. குடும்பத்தில் யாருக்காவது வாசிப்புச் சிக்கல் இருந்திருந்தால், பிந்துகிற பிள்ளையை எந்த மாதத்தில், எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று முகத்துக்கு நேராகக் கேட்டுவிடுவது நல்லது. ஸ்டைனரின் ஆன்மிகக் கோட்பாடு பாடத்துக்குள் எவ்வளவு வருகிறது என்பதையும் சேர்க்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

எனக்கு விருப்பம் எது? பதிவுப் புத்தகத்தைத் தயங்காமல் திறந்து காட்டுகிற மாண்டிசோரி கிடைத்தால் அதுதான் முதலிடம். கிடைக்காவிட்டால், பெயருக்கு மாண்டிசோரி என்று நடக்கும் பள்ளியைவிட, ரேங்க் போடாத, நோட்டில் உருப்படியாகத் திருத்தி எழுதுகிற வழக்கமான பள்ளி எவ்வளவோ மேல். கையால் செய்வதிலும் கதையிலும் மனம் போகிற பிள்ளைக்கு வால்டார்ஃப் ஒத்துப்போகும், ஆனால் கடைசிவரை அங்கேயே படிக்க வைக்க முடியும் என்றால் மட்டும்.

ஏனென்றால் நடுவில் மாற்றினால் மூன்றும் ஒன்றுபோல இருக்காது. வால்டார்ஃபிலிருந்து இரண்டாம் வகுப்பில் வெளியே வரும் பிள்ளை, மற்றவர்கள் சரளமாகப் படிக்கும் இடத்தில் எழுத்துக்கூட்டிக்கொண்டு நிற்கும். மாண்டிசோரியில் மூன்று வருஷச் சுற்றின் மூன்றாம் வருஷத்தில்தான் பெரியவர்களாகச் சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் வாய்ப்பு வரும். அதற்கு முன்பே எடுத்துவிட்டால் கட்டிய செலவில் பாதி வீண். வழக்கமான பள்ளியிலிருந்து வருகிற பிள்ளை ஆரம்பத்தில் ‘இதுக்கு எத்தனை மார்க்?’ என்று கேட்டுக்கொண்டிருக்கும். மாற்றுவது உறுதி என்றால் வருஷ நடுவில் வேண்டாம்; வாசிப்புக்குக் கோடை விடுமுறையில் தனியாகத் தினமும் கொஞ்ச நேரம் ஒதுக்கிவிட்டு, பழைய ஆசிரியரிடம் பிள்ளை எந்த இடத்தில் நிற்கிறது என்று ஒரு பக்கமாவது எழுதி வாங்கிக்கொண்டு போங்கள்.