விளையாட்டை நிறுத்தும் அதிகாரம்: சமூக நிலையப் பணிக்கான ஒரு பாடநெறி பற்றிய மதிப்பீடு

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் உள்ள ஸ்காபரோவில் மாலை வகுப்பாக நான் படித்து முடித்த இந்தப் பாடநெறி, சமூக நிலையங்களிலும் கோடை முகாம்களிலும் முதல் வேலைக்குச் சேர விரும்புவோருக்கானது. பிள்ளைகளின் விளையாட்டுக் குழுவை நடத்துபவர், நீச்சல் தடாகத்தில் உதவிக்கு நிற்பவர், முதியோர் கழகத்தில் நாற்காலி அடுக்கித் தேநீர் கொடுத்து உடற்பயிற்சிக்கும் துணை செய்பவர் என எல்லோரையும் மனத்தில் வைத்து, உடல்நலம், பாதுகாப்பு, நல்வாழ்வு ஆகிய மூன்றையும் ஒரே பருவத்துக்குள் கற்பிக்க முயல்கிறார்கள். வகுப்பில் பெரும்பாலோர் உயர்பாடசாலை முடித்த கையோடு வந்த இளையோர். தமிழ்ப் பிள்ளைகளும் கணிசமாக இருந்தார்கள். பாடத்தைப் பற்றியே எழுத விரும்புவதால் கல்லூரியின் பெயரைத் தவிர்க்கிறேன்.

முதலுதவிப் பகுதியில் குறை சொல்வதற்கு அதிகம் இல்லை. நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, குறைந்தது 5 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு நெஞ்சை அழுத்த வேண்டும், 30 அழுத்தங்களுக்கு இரண்டு முறை மூச்சுக் கொடுக்க வேண்டும் என்பதைப் புத்தகத்தில் படிப்பது எளிது. ஆனால், போதிய ஆழத்துக்கு அழுத்தினால் மட்டுமே ‘டிக்’ என்று ஒலிக்கும் பயிற்சிப் பொம்மையின் முன் முழங்காலிட்டால், இரண்டாவது நிமிடத்திலேயே கை தளர்ந்து ஒலி நின்றுபோவதைக் காணலாம். உதவிக்கு இன்னொருவரை அழைத்து மாறி மாறி அழுத்த வேண்டும் என்று ஏன் சொல்கிறார்கள் என்பது அப்போதுதான் உடம்புக்கு உறைக்கிறது. நின்றுபோன இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் ஏஈடி கருவியைத் திறந்தவுடன் அது தானே பேசி வழிகாட்டுகிறது. ஆகவே அதை இயக்குவதைவிட, கட்டடத்தில் அது எங்கே மாட்டப்பட்டிருக்கிறது என்று அறிந்திருப்பதே முக்கியம் என்று பயிற்றுநர் அழுத்திச் சொன்னது நியாயமானது.

ஆனால் இந்தப் பாடநெறிக்குக் காசு கட்டலாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் முதலுதவி அன்று. சட்டம் பற்றிய வகுப்புகள்தான். பெயரைக் கேட்டவுடன் கொட்டாவி வரக்கூடிய அந்தப் பகுதியை, இரண்டு பிள்ளைகளின் மரணங்களினூடாகக் கற்பித்தார்கள். ஒட்டாவாவைச் சேர்ந்த றோவன் ஸ்ட்ரிங்கர் என்ற 17 வயது மாணவி, 2013 மே மாதத்தில் பாடசாலை றக்பி ஆட்டமொன்றில் தலையில் அடிபட்டு இறந்தார். அதற்கு முந்தைய சில நாள்களிலும் ஆட்டத்தில் அவருக்குத் தலையில் அடிபட்டிருந்தது. முந்தைய அடியிலிருந்து மூளை தேறுவதற்குள் அடுத்த அடி விழுந்ததே உயிரைப் பறித்தது. 2015இல் நடந்த மரண விசாரணை 49 பரிந்துரைகளை முன்வைத்தது. அதன் விளைவாக 2018இல் ‘றோவன் சட்டம்’ நிறைவேறியது. மூளையதிர்ச்சி ஏற்பட்டிருக்கலாம் என்ற சந்தேகம் எழுந்தாலே விளையாடுபவரை வெளியேற்ற வேண்டும், மருத்துவ அனுமதியின்றி அவரை மீண்டும் களத்தில் இறக்கக் கூடாது என்பதே அதன் சாரம். நினைவு தப்பினால்தான் மூளையதிர்ச்சி என்று நம்மில் பலர் இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறோம். கேட்ட கேள்விக்குப் பதில் தாமதமாக வருவதும், தலையிடியும், வெளிச்சத்தைப் பார்க்கக் கூசுவதும் போதுமான அடையாளங்கள் என்பதை எங்கள் சமூகத்தின் உதைபந்தாட்டக் கழகங்கள் எத்தனை அறிந்திருக்கின்றன என்று கேட்கத் தோன்றியது.

இரண்டாவது, உணவு ஒவ்வாமையால் 2003இல் 13 வயதில் இறந்த சப்ரினா ஷனனின் கதை. அவரது பெயரால் 2006 முதல் நடைமுறையில் இருக்கும் சட்டம் பாடசாலைகளுக்கானதுதான். என்றாலும் முகாமில் மதிய உணவு நேரத்தில் நிற்கும் உதவியாளருக்கும் அதன் பாடம் பொருந்தும். கடும் ஒவ்வாமைக்கு உடனடியாகப் போடும் எப்பிபென் ஊசியின் நீல மூடியைக் கழற்றி, செம்மஞ்சள் முனையைத் தொடையின் வெளிப்பக்கத்தில், காற்சட்டைக்கு மேலாகவே அழுத்திப் பிடிப்பதை எல்லோரும் பயிற்சி ஊசியில் செய்து பார்த்தோம். பிள்ளை தேறிவிட்டதுபோல் தெரிந்தாலும் அவசர உதவி எண்ணான 911ஐ அழைத்தே ஆகவேண்டும்.

இதன் தொடர்ச்சியாகவே ஒன்ராறியோவின் தொழில்சார் சுகாதார, பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆபத்துகளை அறிந்திருக்கும் உரிமை, பாதுகாப்பு விடயங்களில் பங்கேற்கும் உரிமை, ஆபத்தான வேலையை மறுக்கும் உரிமை ஆகிய மூன்றும் நேற்றுச் சேர்ந்த பகுதிநேரப் பணியாளருக்கும் உண்டு. மறுத்தால் மேற்பார்வையாளர் வந்து ஆராய வேண்டும். அதன் பின்னும் ஆபத்து இருப்பதாக நம்பத் தகுந்த காரணம் இருந்தால், தொழில் அமைச்சின் பரிசோதகர் வரும்வரை விடயம் செல்லும். மறுத்ததற்காகத் தண்டிக்க முடியாது. பிள்ளை ஒன்று வீட்டில் துன்புறுத்தப்படுவதாக நியாயமான சந்தேகம் ஏற்பட்டால், அதைச் சிறுவர் உதவிச் சங்கத்துக்கு நேரடியாக அறிவிக்க வேண்டியவரும் அந்தப் பணியாளரே. மேலதிகாரியிடம் சொல்லிவிட்டேன் என்று ஒதுங்க முடியாது. பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே என்று வளர்க்கப்பட்ட எங்கள் பிள்ளைகளிடம், ‘இந்த இடத்தில் முடிவெடுக்க வேண்டியவர் நீங்கள்தான்’ என்று சட்டம் சொல்வதாக ஓர் ஆசிரியர் நிதானமாக விளக்கியது, இந்தப் பாடநெறியின் மிகப் பெரிய பயன் என்பது என் எண்ணம்.

பெரிய குறையும் அதே இடத்தில்தான் இருக்கிறது. பொம்மையின் நெஞ்சைத் திரும்பத் திரும்ப அழுத்திப் பழக்கியவர்கள், வாயைத் திறந்து சொல்லப் பழக்கவில்லை. “அவனுக்கு ஒண்டும் இல்லை, இன்னும் பத்து நிமிஷம்தானே, விளையாட விடுங்கோ” என்று தகப்பன் ஒருவர் கோட்டுக்கு வெளியே நின்று சத்தம் போடும்போது, 18 வயதுப் பெண்ணொருத்தி என்ன சொல்லி மறுப்பாள், சொன்ன பிறகு யாரைத் துணைக்கு அழைப்பாள் என்பதற்கு ஒத்திகையே இல்லை. தேர்வுத் தாளிலும் அது பல்தேர்வு வினாவாகவே வந்தது. சரியான விடைக்குப் புள்ளடி போடுவது யாருக்கும் கடினமாக இருந்திருக்காது.

உடற்பயிற்சிக் கூடத்தைப் பிள்ளைகள் வருவதற்கு முன் சுற்றிப் பார்க்கும் பயிற்சியை ஒரு முறை மட்டும் தந்தார்கள். பல முறை தந்திருக்கலாம். கரப்பந்தாட்டக் கம்பம் நடும் குழியின் மூடி விலகியிருந்தது, தண்ணீர்க் குழாயடியில் தரை ஈரமாக இருந்தது, அவசர வழியின் முன் மேசைகள் அடுக்கப்பட்டிருந்தன. படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டே எங்களில் பாதிப் பேர் மூடியைக் கவனிக்காமல் கடந்து போனோம். துப்புரவுப் பொருள்களைப் பற்றிய விமிஸ் பயிற்சி, அதாவது வேலையிடத்து அபாயப் பொருள்களின் எச்சரிக்கைக் குறிகளை அறியும் பயிற்சி, வழக்கமானது; குளோரின் திரவத்தையும் அமிலத்தையும் ஒருபோதும் ஒன்றாகக் கலக்கக் கூடாது, கலந்தால் நச்சு வாயு கிளம்பும் என்பது தடாகத்தில் வேலை செய்வோர் மனத்தில் பதிய வேண்டியது.

நல்வாழ்வுப் பகுதி மெலிந்தது. 5 முதல் 17 வயது வரையானோர் நாளுக்கு 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும், பொழுதுபோக்குக்காகத் திரை பார்ப்பது இரண்டு மணித்தியாலத்தைத் தாண்டக் கூடாது என்ற கனடிய வழிகாட்டலைத் திரையில் காட்டி முடித்துவிட்டார்கள். முதியோருக்கு ஒதுக்கியது ஒரே ஒரு வகுப்பு. கனடாவில் முதியோர் காயமடைந்து மருத்துவமனைக்குப் போவதற்கு முதற்காரணம் விழுதல்தான் என்று அதே வகுப்பில் சொன்னார்கள். அப்படியிருந்தும் ஒருவரை நாற்காலியிலிருந்து எப்படி எழுப்புவது, இரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர் சட்டென்று எழும்பினால் ஏன் தலை சுற்றுகிறது என்பவற்றைச் செய்து காட்டவில்லை. தமிழ் பேசும் இளையோருக்கு ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் கிடைக்கக்கூடிய வேலைகளில் முதியோர் கழகப் பணியும் ஒன்று என்பதால் இந்தக் குறை எனக்குச் சற்று உறுத்தியது.

சேர எண்ணுவோர் பணம் கட்டுவதற்கு முன் சிலவற்றை விசாரிப்பது நல்லது. முதலுதவிச் சான்றிதழ் கட்டணத்துக்குள் அடங்குமா, செய்முறைப் பயிற்சி நேரில் நடக்குமா என்று கேளுங்கள்; அந்தச் சான்றிதழ் மூன்று ஆண்டுகளுக்கே செல்லும். பிள்ளைகளுடன் வேலை செய்வோரிடம் பல நகரசபைகள் எதிர்பார்க்கும் ‘ஹை ஃபைவ்’ பயிற்சியும் சேர்த்துத் தரப்படுகிறதா என்று பாருங்கள். எங்களுக்கு அதன் ஐந்து கோட்பாடுகளை மட்டும் அறிமுகப்படுத்தினார்கள், சான்றிதழுக்குத் தனியாகப் போகவேண்டியிருந்தது. தொழிலாளருக்கான அடிப்படைப் பாதுகாப்பு விழிப்புணர்வுப் பயிற்சியை மாகாண அரசே இணையத்தில் இலவசமாகத் தருகிறது. அதற்கென்று யாராவது தனிக் கட்டணம் கேட்டால் கொடுக்க வேண்டாம். கோடை முகாம்களுக்கான ஆட்சேர்ப்பு பனிக்காலத்திலேயே தொடங்கிவிடுவதால், இலையுதிர்காலப் பருவத்தில் சேர்வதே பொருத்தம். பொலிஸ் சரிபார்ப்புக்கும் அப்போதே விண்ணப்பித்துவிடலாம்.