கடல் மிதவைகளை எங்கே இறக்குவது: சம இடைவெளியிலா, நீரோட்டம் பிரியும் இடத்திலா?

ஒரு கடல் பகுதிக்கு ஒரு வார நீரோட்ட முன்னறிவிப்பு வேண்டும், கையில் இருப்பது நீரோட்டத்தோடு மிதந்துபோய்த் தன் இடத்தைத் தெரிவிக்கும் பத்து மிதவைதான் என்றால், அவற்றைச் சமமாகப் பரப்புவதைவிட நீரோட்டம் பிரியும் இடத்தில் இறக்குவதே மேல்.

சம இடைவெளி முறை வீண் என்று சொல்லவில்லை. உலகக் கடலெங்கும் அட்சரேகை, தீர்க்கரேகையில் 5 பாகைக்கு ஒன்று வீதம் 1,250 மிதவைகள் என்ற இலக்கு 2005-இல் எட்டப்பட்டது. செயற்கைக்கோள் காட்டும் மேற்பரப்பு வெப்பநிலையைச் சரிபார்க்க அது அருமையான ஏற்பாடு. ஆனால் 5 பாகை என்பது நிலநடுக்கோட்டில் சுமார் 550 கிலோமீட்டர். கடல்சுழிகளோ பெரும்பாலும் 100, 200 கிலோமீட்டர் அகலம்தான். முன்னறிவிப்பு தவறுவதும் அவற்றால்தான்.

சுழியின் நடுவில் இறக்கலாமே என்றால், மிதவை வாரக்கணக்கில் அங்கேயே சுற்றும். ஒன்றிரண்டு போதும், அதற்கு மேல் போட்டாலும் அதே தகவல்தான் வரும்.

இரு சுழிகளுக்கு நடுவே எதிரெதிராக வரும் நீர், பக்கவாட்டில் இரண்டாகப் பிரிந்து ஓடும். உள்ளே வரும் ஓட்டத்தின் நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று விட்டால், சில நாளில் இரண்டும் வெவ்வேறு சுழிகளின் ஓரத்தில் போய்க்கொண்டிருக்கும். இறக்கியபின் பரப்பும் வேலையைக் கடலே பார்த்துக்கொள்கிறது என்பதுதான் இதன் பெரிய லாபம்.

அந்த நடுக்கோட்டைக் கண்டுபிடிக்க, முன்னறிவிப்பைக் கணக்கிடும் கணினி மாதிரியின் நீரோட்டத்தில் நெருக்கமாகக் கற்பனைத் துகள்களை விட்டு 5 முதல் 7 நாள் முன்னோக்கி ஓட்டுங்கள். அடுத்தடுத்த துகள்கள் எங்கே வேகமாக விலகுகின்றனவோ, கோடு அங்கே. சிக்கல் என்னவென்றால், மாதிரி காட்டும் கோடே பல கிலோமீட்டர் தள்ளி இருக்கக்கூடும். அதனால் ஒரே ஜோடியை நம்பாமல், கோட்டுக்குக் குறுக்கே 5 கிலோமீட்டர் இடைவெளியில் ஆறு மிதவைகளை வரிசையாக விடுங்கள். கப்பல் போய்ச் சேருமுன் கணக்கை மறுபடி ஓட்டிப் பாருங்கள். மீதி நான்கைக் கைவசம் வையுங்கள். முதலில் போனவை வெளியேறும் ஓட்டத்தில் ஒரே இழையாக நெருங்கிவிடும், அப்போது தேவைப்படும்.

கரையோரத்தில், ஏற்றவற்ற ஓட்டம் ஓங்கிய இடங்களில், இதை இவ்வளவு உறுதியாகப் பரிந்துரைக்க முடியாது. பிரியும் இடமே மணிக்கு மணி நகரும்.

எந்த முறையானாலும், மிதவையை நீரோட்டத்தோடு போகவைக்க 15 மீட்டர் ஆழத்தில் தொங்கும் டிரோக் என்ற துணிக்குழாய் அறுந்ததா என்று, அதை மிதவையோடு இணைக்கும் கம்பியின் இழுவிசை அளவீட்டைத் தினமும் பாருங்கள். அறுந்த மிதவையைக் காற்றும் அலையும் தள்ளும். அதன் வேகத்தைத் திருத்தாமல் மாதிரிக்குக் கொடுத்தால், இல்லாத நீரோட்டத்தை மாதிரி உண்மை என்று எடுத்துக்கொள்ளும்.