மாருதி 800-இன் முன்பக்க சஸ்பென்ஷன்: வீட்டிலேயே மாற்றிய உதிரிபாகங்கள் பற்றிய மதிப்பீடு

எங்கள் வீட்டில் இருப்பது 2004-ஆம் ஆண்டு வாங்கிய மாருதி 800. என்ஜின் இன்றும் முதல் திருப்பிலேயே கிளம்பிவிடுகிறது. ஆனால் கடந்த ஓராண்டாக, வேகத்தடையில் இறங்கும்போதெல்லாம் முன்பக்கத்திலிருந்து 'கடகட' என்று ஒரு சத்தமும், பிரேக்கை மிதிக்கும்போது இடப்பக்கத்தில் 'டக்' என்று தனியாக இன்னொரு சத்தமும் கேட்டுக்கொண்டிருந்தன. இந்த இரண்டும் வெவ்வேறு இடங்களிலிருந்து வருபவை என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு நீண்ட நாள் ஆயிற்று. அதற்குள் ஒரு பட்டறையில் முன் ஸ்ட்ரட்டுகளை (ஸ்பிரிங்கைச் சுமந்து அதிர்வை அடக்கும், தூண் போன்ற ஷாக் அப்சார்பர்கள்) மட்டும் மாற்றிக் கொடுத்தார்கள். வண்டி குதிப்பது நின்றதே தவிர சத்தம் நிற்கவில்லை. பிறகு விலை குறைவு என்பதற்காகப் பெயர் தெரியாத ஒரு தயாரிப்பின் லோயர் ஆர்மை (சக்கரத்தைக் கீழ்ப்புறம் காரின் உடலோடு இணைக்கும் இரும்புக் கை) வாங்கிப் போட்டேன். எட்டு மாதத்தில் அதன் முனையில் எல்லாத் திசையிலும் அசையும் மூட்டான பால் ஜாயின்ட்டை மூடியிருந்த ரப்பர் உறை கிழிந்து, மழைநீர் உள்ளே புகுந்து, கிரீஸ் கரைந்து, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் கையில் தெரியும் அளவுக்கு ஆட்டம் வந்துவிட்டது. இந்த முறை முன்பக்கம் முழுவதையும் நானே, வீட்டு வாசலில் வைத்து மாற்றினேன்.

சென்னையில் புதிய உதிரிபாகங்களுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் சாலையை விட்டால் வேறு இடம் தேட வேண்டியதில்லை. 2014 ஜனவரியிலேயே இந்தக் காரின் உற்பத்தி நின்றுவிட்டது என்றாலும், நான் கேட்ட பொருள்கள் அனைத்தும் ஒரே பகலில் கிடைத்தன. பட்டியலைப் பார்த்ததும் கடைக்காரர், "ஷாக் மட்டும் போட்டுட்டுப் போனா அடுத்த மாசம் திரும்பி வருவீங்க சார், மவுன்ட்டும் புஷ்ஷும் சேர்த்தே எடுத்துக்குங்க" என்றார். வியாபாரத்துக்காகச் சொன்னதாகக் கொள்ளாமல் அப்படியே கேட்டுக்கொண்டேன். என் முந்தைய அனுபவமும் அதையேதான் சொல்லியிருந்தது. மாருதியின் ஹாலோகிராம் ஒட்டிய பெட்டியில் வந்த லோயர் ஆர்ம் இரண்டு, கேப்ரியல் ஸ்ட்ரட் இரண்டு, ஸ்ட்ரட்டின் மேல்முனையைக் காரின் உடலோடு பொருத்தும் ஸ்ட்ரட் மவுன்ட், இடியைத் தாங்கும் ரப்பர்க் கட்டையான பம்ப் ஸ்டாப், இரு முன்சக்கரங்களுக்கும் குறுக்கே செல்லும் கம்பியான ஸ்டெபிலைசர் பாருக்கான ரப்பர் புஷ்கள், நட் கழலாமல் தடுக்கும் புதிய ஸ்பிலிட் பின்கள் ஆகியவற்றை வாங்கினேன். முன்பு வாங்கிய மலிவான ஆர்முடன் ஒப்பிட்டால் விலை இரண்டு மடங்குக்கும் மேல்.

அந்த விலைக்கு என்ன கிடைக்கிறது என்பது, பழைய ஆர்மையும் புதிய ஆர்மையும் ஒரே கோணிப்பையின் மீது அருகருகே வைத்துப் பார்த்தபோது தெளிவாகத் தெரிந்தது. புதியதில் பால் ஜாயின்ட்டின் தண்டைக் கையால் அசைக்க முயன்றால் இறுக்கமாகவும், எல்லாத் திசையிலும் ஒரே சீராகவும் நகர்ந்தது. ரப்பர் உறை கம்பி வளையத்தால் கவ்வப்பட்டு, விரலால் இழுத்தாலும் விலகவில்லை. மலிவானதில் உறை வெறுமனே செருகப்பட்டிருந்தது. தண்டு ஒரு பக்கம் இளக்கமாகவும் மறுபக்கம் பிடித்துக்கொண்டும் இருந்தது. உடலோடு இணையும் முனையில் உள்ள புஷ்ஷிலும் வேறுபாடு உண்டு. நல்ல புஷ்ஷில் ரப்பர், உள்ளே இருக்கும் இரும்புக் குழலோடு ஒட்டியே வார்க்கப்பட்டிருக்கிறது. என் பழைய மலிவு ஆர்மில் அந்த ஒட்டு விட்டுப்போய், குழல் தனியாகச் சுழன்றுகொண்டிருந்தது.

இந்த ஒட்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வீட்டில் வேலை செய்பவர்களும் சில பட்டறைகளும் தவறு செய்யும் இடம் இதுவே. ரப்பர் குழலோடு ஒட்டியிருப்பதால், ஆர்ம் மேலும் கீழும் ஆடும்போது ரப்பர் முறுகித்தான் வழிவிடுகிறது. கார் ஜாக்கியில் நின்று, சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும் நிலையில் அந்தக் குழல் வழியாகச் செல்லும் போல்ட்டை இறுக்கிவிட்டால், காரைத் தரையில் இறக்கியதும் ரப்பர் எப்போதும் முறுகிய நிலையிலேயே இருக்கும். எவ்வளவு நல்ல புஷ்ஷாக இருந்தாலும் சீக்கிரம் கிழிந்துவிடும். ஆகவே போல்ட்டைக் கையால் மட்டும் ஏற்றிவைத்து, சக்கரத்தை மாட்டி, காரின் எடை முழுவதும் நான்கு சக்கரங்களிலும் விழுந்த பிறகே கடைசி இறுக்கத்தைக் கொடுத்தேன். சக்கரங்களுக்கு அடியில் கனமான பலகைகளை வைத்துக் காரைச் சற்று உயர்த்திக்கொண்டால் ஸ்பானர் நுழைய இடம் கிடைக்கும்.

பிரேக் மிதிக்கும்போது வந்த 'டக்' சத்தத்திற்குக் காரணம் ஸ்டெபிலைசர் பாரின் புஷ்கள். இந்தக் காரில் லோயர் ஆர்ம் சக்கரத்தை இடவலமாக மட்டுமே பிடித்திருக்கிறது. அது முன்னும் பின்னும் நகராமல் தடுப்பது, ஆர்மின் வழியாக நுழைந்து நட்டால் பிணைக்கப்பட்டிருக்கும் ஸ்டெபிலைசர் பார்தான். அந்த முனையில் உள்ள ரப்பர் தேய்ந்துவிட்டால், ஒவ்வொரு பிரேக்கிலும் சக்கரம் சிறிது பின்னுக்குப் போய்த் திரும்புகிறது. கழற்றிய பழைய புஷ் ஒன்று, ஊறவைத்த புளியைப் போல விரலிடையே பிதுங்கியது. மொத்தப் பட்டியலிலேயே மிகவும் விலை குறைந்த பொருள் இது. எனக்குப் பெரிய மாற்றத்தைக் கொடுத்ததும் இதுதான்.

வேலையில் அதிக நேரம் எடுத்தது பால் ஜாயின்ட்டை, சக்கரத்தைத் தாங்கும் இரும்புப் பாகமான நக்கிளிலிருந்து பிரிப்பது. அங்கே உள்ள கவ்வும் போல்ட்டைத் தளர்த்தினால் மட்டும் போதாது, அதை முழுவதும் வெளியே உருவ வேண்டும். பால் ஜாயின்ட் தண்டில் உள்ள பள்ளத்தின் வழியாகவே அந்த போல்ட் செல்கிறது. இதை அறியாமல் ஆர்மைச் சம்மட்டியால் அடிப்பவர்கள் நக்கிளைக் கெடுத்துவிடுகிறார்கள். கடற்காற்று படும் ஊரில் இருபது வருடம் ஓடிய காரில் போல்ட் துருப்பிடித்து இறுகியிருக்கும். முந்தைய இரவே துரு இளக்கும் எண்ணெயை ஊற்றிவைத்தது பெரிதும் உதவியது. ஆர்ம் விடுபட்டதும் நக்கிளை வெளிப்பக்கமாக அதிகம் இழுக்கக் கூடாது, என்ஜினின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டுசெல்லும் டிரைவ் ஷாஃப்ட்டின் உள் மூட்டு கழன்றுவிடும். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் கையோ தலையோ நீட்டவே வேண்டாம். இரண்டு ஸ்டாண்டுகளும் பின்சக்கரங்களுக்குக் கட்டைகளும் இல்லாமல் நான் இந்த வேலையைத் தொடங்கியிருக்க மாட்டேன்.

ஸ்ட்ரட்டைப் பொறுத்தவரை கேப்ரியல் எனக்கு முழுத் திருப்தி. பழைய ஸ்ட்ரட்டின் தண்டை அழுத்தினால் பாதி தூரம் எந்தத் தடையும் இல்லாமல் உள்ளே போயிற்று. புதியதில் மேலும் கீழும் ஒரே சீரான எதிர்ப்பு இருந்தது. பொருத்துவதற்கு முன் நிமிர்த்தி வைத்து நான்கைந்து முறை முழுவதும் இழுத்து அழுத்தி, உள்ளே இருந்த காற்றை வெளியேற்றிக்கொண்டேன். ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் கருவி இல்லாமல் மேல் நட்டைத் தொடவே கூடாது. கடைகளில் பரவலாகக் கிடைக்கும் இரண்டு கொக்கிகள் கொண்ட கருவியையே நான் வாங்கினேன். அதன் கொக்கிகள் இந்தச் சிறிய ஸ்பிரிங்கிற்குச் சற்றுத் தடிமன். எதிரெதிர்ப் பக்கங்களில் மாட்டி, இரண்டையும் மாறி மாறிச் சில சுற்றுகளாகத் திருகினால் வேலை நடக்கிறது, ஆனால் பொறுமை இல்லாதவர்கள் ஸ்ட்ரட்டைக் கழற்றி எடுத்துப்போய்ப் பட்டறையில் கொடுத்து ஸ்பிரிங் மாற்றி வாங்குவது நல்லது. அதில் எந்தக் குறைவும் இல்லை. பழைய மவுன்ட்டைக் கையில் வைத்துத் திருப்பியபோது மணல் அரைபடுவது போன்ற உணர்வு வந்தது. வேகத்தடையில் கேட்ட சத்தத்தில் பாதி அங்கிருந்தே வந்திருக்க வேண்டும்.

ஒரு பக்கத்துக்கு நான்கு மணி நேரம் வீதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. பிறகு நேராக வீல் அலைன்மென்ட்டுக்குச் சென்றேன். ஸ்ட்ரட் போல்ட்டுகளைக் கழற்றி மாட்டினாலே சக்கரத்தின் கோணம் மாறிவிடும் என்பதால் இதைத் தள்ளிப்போட முடியாது. இப்போது மூன்று மாதங்களும் ஒரு வடகிழக்குப் பருவமழையும் கடந்துவிட்டன. பால் ஜாயின்ட் உறைகள் உலர்ந்தே இருக்கின்றன, புஷ்களில் விரிசல் இல்லை, பிரேக் மிதிக்கும்போது சத்தம் அறவே இல்லை. மோசமான சாலையில் மெல்லிய தட்டல் ஒன்று மட்டும் வலப்பக்கத்தில் மிஞ்சியிருக்கிறது. சக்கரத்தைப் பக்கவாட்டில் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். அது ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் மூட்டான டை ராட் எண்டின் தேய்மானம். அதற்குரிய பாகத்தை இதே கடையில் சொல்லி வைத்திருக்கிறேன்.