ஆயிரம் மைல் ஓட்ட எந்த வண்டி? கோல்டு விங், ரோடு கிளைடு, கே 1600

அமெரிக்காவில் அயர்ன் பட் அசோசியேஷன் என்றொரு அமைப்பு உண்டு. 24 மணி நேரத்துக்குள் 1,000 மைல், அதாவது 1,609 கிலோமீட்டர், மோட்டார்சைக்கிளில் ஓட்டி முடித்து ஆதாரம் காட்டினால் சான்றிதழ் தருவார்கள். அந்தத் தூரத்துக்கு முன்னால் குதிரைத்திறன் பேச்செல்லாம் எடுபடாது. ஆளைச் சாய்ப்பது காற்று, சூடு, முதுகுவலி. டூரிங் வண்டியை, அதாவது நெடுந்தூரப் பயணத்துக்கான பைக்கை, நான் எடைபோடுவது இந்த மூன்றை வைத்துத்தான்.

முதலில் ஹோண்டா கோல்டு விங். 1975 மாடலாக 999 சிசி எஞ்சினோடு வந்தபோது அதில் காற்றுத்தடுப்பும் இல்லை, பெட்டியும் இல்லை. வாங்கியவர்கள் வெளியே ஃபேரிங், அதாவது காற்றைத் தடுக்கும் முன்பக்க உறை, வாங்கி மாட்டிக்கொண்டார்கள். 1980-ல் ஹோண்டாவே எல்லாவற்றையும் பொருத்தி இன்டர்ஸ்டேட் மாடலை இறக்கியது. இப்போது ஆறு சிலிண்டர், 1,833 சிசி. சிலிண்டர்கள் இருபுறமும் படுத்திருக்கின்றன, பெட்ரோல் டேங்க் சீட்டுக்கடியில். பாரமெல்லாம் கீழேயே இருப்பதால், 380 கிலோவைத் தாண்டும் டூர் மாடலும் நகரத் தொடங்கிவிட்டால் கனம் தெரியாது. சரிவான பார்க்கிங்கில் பின்னால் தள்ளும்போது தெரியும். ரிவர்ஸ் வசதி அதற்காகத்தான்.

2018-ல் முன்பக்க சஸ்பென்ஷனை கார் மாதிரி டபுள் விஷ்போனாக, அதாவது மேலும் கீழுமாக இரண்டு கைகள் சக்கரத்தைத் தாங்கும் அமைப்பாக, மாற்றினார்கள். மோசமான ரோட்டில் போகும்போது ஹேண்டில்பாருக்கு முன்னால் பார்த்தால் இணைப்புத் தண்டுகள் மேலும் கீழும் துள்ளிக்கொண்டிருக்கும், கைப்பிடியில் பெரிதாக எதுவும் தெரியாது. மாலையில் தோள்பட்டை இதற்கு நன்றி சொல்லும். குறை என்றால் டேங்க்: 21 லிட்டர்தான். முந்தைய மாடலில் 25 இருந்தது.

ஹார்லி-டேவிட்சனில் ஸ்ட்ரீட் கிளைடு, ரோடு கிளைடு இரண்டையும் பலர் ஒன்றாகவே பேசுகிறார்கள். ஆனால் நெடுந்தூரத்தில் இரண்டும் வேறு வேறு. ஸ்ட்ரீட் கிளைடின் ஃபேரிங், முன்சக்கரத்தைப் பிடித்து ஹேண்டில்பாரோடு திரும்பும் ஃபோர்க்கில் மாட்டியிருக்கும். பக்கக்காற்று அதில் அடித்தால் நேராகக் கைக்கு வந்துவிடும். ரோடு கிளைடில் அது சேஸிஸோடு, அதாவது வண்டியின் சட்டத்தோடு, பொருத்தியது. ஹேண்டில்பார் திரும்பும், ஃபேரிங் திரும்பாது. அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் லாரமிக்கும் ராலின்ஸுக்கும் நடுவே ஐ-80 நெடுஞ்சாலையில் அடிக்கும் காற்றுக்காக, சுமையில்லாத உயரமான லாரிகளையே சில நாள் நிறுத்திவிடுவார்கள். அங்கே இந்த ஒரு வித்தியாசம் போதும், எதை எடுப்பது என்று முடிவுசெய்ய.

2024 ரோடு கிளைடு 117 கன அங்குலம், அதாவது 1,923 சிசி. டேங்க் 22.7 லிட்டர். பெல்ட் டிரைவ் என்பதால் செயினுக்கு எண்ணெய் போடும் வேலை இல்லை, வால்வு இடைவெளியை எண்ணெய் அழுத்தத்தால் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் லிஃப்டர் என்பதால் வால்வு அட்ஜஸ்ட்மென்டும் இல்லை. ஆனால் சூடு! பின் சிலிண்டர் தொடைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. சிக்னலில் நிற்கும்போது அதை அணைத்துவைக்கும் ஏற்பாடு செய்யும் அளவுக்கு ஹார்லிக்கே இது தெரிந்த விஷயம். நெடுஞ்சாலையில் தெரியாது, லாஸ் ஏஞ்சலஸ் நெரிசலில் மாட்டினால் தெரியும். பின்சீட்டும் பேருக்குத்தான்.

பிஎம்டபிள்யூ கே 1600 ஜிடிஎல் வேறு ரகம். வரிசையாக ஆறு சிலிண்டர், 1,649 சிசி, 160 குதிரைத்திறன், 26.5 லிட்டர் டேங்க். வளைவுகளில் மற்ற இரண்டும் இதற்கு ஈடில்லை. அதை அனுபவிக்க அமெரிக்காவில் 469 மைல் நீளமுள்ள ப்ளூ ரிட்ஜ் பார்க்வே மலைச்சாலைக்குப் போனால் அங்கே வேக வரம்பு மணிக்கு 45 மைல். மீதிக் குதிரைகள் லாயத்திலேயே கிடக்க வேண்டியதுதான்.

ஜோடியாகப் போகிறவர்களுக்கு என் ஓட்டு கோல்டு விங்குக்கே. டூர் மாடலில் பின்னால் இருப்பவருக்கு முதுகுச்சாய்மானம், சூடாகும் சீட், இரண்டு முழு ஹெல்மெட் கொள்ளும் 61 லிட்டர் பெட்டி எல்லாம் உண்டு. தனியாக, சமவெளியில், நேர்ரோட்டில் என்றால் ரோடு கிளைடு. மலைப்பாதைக்காரர்களுக்குத்தான் பிஎம்டபிள்யூ.

இந்தியாவில் கோல்டு விங் விலை 2025-ல் 40 லட்சத்தை ஒட்டி இருந்தது. அவ்வளவு கொடுத்து வாங்கினாலும் பெங்களூரு–மைசூரு விரைவுச்சாலையில் ஏற முடியாது. 2023 ஆகஸ்டிலிருந்து டூவீலருக்கு அங்கே தடை, சர்வீஸ் ரோடுதான் கதி. அமெரிக்கா போகும்போது வாடகைக்கு எடுத்து ஓட்டுவது புத்திசாலித்தனம். மூன்று கம்பெனி வண்டிகளும் கிடைக்கின்றன. துணையோடு போவதாக இருந்தால், முன்பணம் கட்டுவதற்கு முன் அவரைப் பின்சீட்டில் கால் மணி நேரமாவது உட்காரவைத்துப் பாருங்கள்.