பிள்ளையோடு குடியேற எது நல்லது: பில்சனா, லிட்டில் வில்லேஜா?

இரண்டுமே சிகாகோவில் மெக்சிகோ குடும்பங்கள் வேரூன்றிய பேட்டைகள். இடையில் சில மைல் தூரம்தான்.

லிட்டில் வில்லேஜின் 26-ஆம் தெருவில் ஸ்பானிஷ் மட்டும் தெரிந்தால் போதும். அம்மா கடைக்குப் போகும்போதெல்லாம் மொழிபெயர்க்கப் பிள்ளை கூடவே ஓட வேண்டாம். ஆனால் குக் கவுன்டி சிறையும் அங்கேதான். உயர்நிலைப் பள்ளி கேட்டு 2001-இல் தாய்மார்கள் முன்நின்று 19 நாள் உண்ணாவிரதம் இருந்தார்கள். பள்ளி திறந்தது 2005-இல். அதற்குள் எத்தனை பிள்ளைகளுக்குப் படிக்கிற வயசே தாண்டிவிட்டதோ!

பில்சனில் தெருவெங்கும் சுவரோவியம். மெக்சிகோ கலை அருங்காட்சியகத்துக்கு நுழைவுக்கட்டணமும் இல்லை. வாடகைதான் ஆளை விரட்டுகிறது. பக்கத்து பெஞ்சுக்காரன் அடுத்த வருடம் இருப்பானா, தெரியாது.

நிலக்கரி மின்நிலையப் புகை மட்டும் 2012 வரை இரண்டு பேட்டைக்கும் பொது.

பிள்ளை சிறுசென்றால், என் ஓட்டு லிட்டில் வில்லேஜுக்கே.