பல்கலைக்கழக இன்குபேட்டரில் சில ஆண்டுகள்: மேசை வேண்டாம், அறிமுகம் போதும்

குளிரறையில் வெப்பநிலை ஏறினால் கடைக்காரரின் கைப்பேசிக்குத் தகவல் அனுப்பும் சிறு கருவி எங்களுடையது. அதை வைத்துக்கொண்டு சிங்கப்பூரில் ஒரு பல்கலைக்கழக இன்குபேட்டரில், அதாவது புதுத் தொழில்களை வளர்த்துவிடும் மையத்தில், நுழைந்து சில ஆண்டுகள் ஆகின்றன. சேரலாமா என்று கேட்பவர்கள் கூடிவிட்டதால் எழுதுகிறேன்.

மேசை, இணையம், கூட்ட அறை எல்லாம் நன்றாகவே இருக்கின்றன. அதற்காக யாரும் சேர வேண்டியதில்லை.

மானியம் உதவியது. நாங்கள் சேர்ந்த காலத்தில், புதிதாகத் தொழில் தொடங்குபவர்களுக்கான ‘ஸ்டார்ட்அப் எஸ்ஜி ஃபவுண்டர்’ அரசுத் திட்டத்தில், நாம் 10,000 வெள்ளி போட்டால் அரசு 50,000 வெள்ளி தரும். 2020க்கு முன் அது 30,000ஆக இருந்தது. பணம் கட்டம் கட்டமாகத்தான் வரும். சம்பள நாளோ காத்திருக்காது.

எரிச்சலூட்டியது மேடைப் பேச்சுப் பயிற்சி. முதலீட்டாளர் முன் பேசுவதற்குக் கொடுத்த நேரத்தில் பாதியை விற்பதற்குக் கொடுத்திருந்தால் முதல் வாடிக்கையாளர் முன்பே கிடைத்திருப்பார். வழிகாட்டிகளில் சிலர் வங்கியை விட்டு வந்தவர்கள். மீன் கிடங்கு எப்படி இயங்கும் என்பது அவர்களுக்குத் தெரியாது.

ஆனால் ஓர் அறிமுகம் எல்லாவற்றுக்கும் ஈடு செய்தது. எங்கள் திட்ட அலுவலர் வழியாகப் பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தையில் ஒரு வியாபாரியைச் சந்தித்தோம். கருவியைப் புரட்டிப் பார்த்தவர், “தம்பி, மின்சாரம் நின்றால் இதுவும் நின்றுவிடுமே, பிறகு எனக்கு எப்படித் தெரியும்?” என்றார். அதன் பிறகுதான் பேட்டரியும் தனி சிம் அட்டையும் சேர்த்தோம். அந்தக் கேள்வி எந்த ஆய்வகத்திலும் எழவில்லை.

இன்குபேட்டரால் வட்டாரப் பொருளாதாரம் வளருமா என்றால், வளரும். ஆனால் கட்டடத்தால் அல்ல. ஆயர் ராஜா கிரசெண்டின் 71ஆம் புளோக் இடிக்கப்படவிருந்த பழைய தொழிற்கூடம். 2011இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமும் அதன் பங்காளிகளும் அதைப் புதுத் தொழில்களுக்குத் திறந்தன. பிறகு அதே பெயரில் சான் பிரான்சிஸ்கோவிலும் ஜகார்த்தாவிலும் கிளைகள் எழுந்தன. ஒரே கட்டடத்துக்குள் பொறியாளரும் முதலீட்டாளரும் வாடிக்கையாளரும் முட்டிக்கொண்டதுதான் அதன் பலம் என்று நினைக்கிறேன். அதே பல்கலைக்கழகம் மாணவர்களை வெளிநாட்டு ஸ்டார்ட்அப்களில் வேலை பார்க்க அனுப்புகிறது. பொருள்களை வாங்க விற்க உதவும் இணையச் சந்தையான கரோசெல்லின் நிறுவனர்கள் மூவரும் அப்படிச் சிலிக்கான் பள்ளத்தாக்குக்குப் போய் வந்தவர்கள்.

நம் ஊர்ச் சந்தை சிறியது என்பதால் ‘வட்டாரம்’ என்றால் பக்கத்திலுள்ள மலேசிய மாநிலமான ஜோகூரையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். 2025 ஜனவரியில் ஜோகூர்–சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு எங்களுக்கு அங்கிருந்து விசாரிப்புகள் கூடியிருக்கின்றன. கருவிகளைப் பொருத்தும் வேலையையும் அங்கேயே செய்யலாமா என்று பார்க்கிறோம். அதற்கான தொடர்புகளை நாங்களே தேடிக்கொண்டோம். இன்குபேட்டரின் பட்டியலில் பெரிய நிறுவனங்கள்தான் இருந்தன.

சேருவதானால் ஒன்று: பல்கலைக்கழக ஆய்வகத்தைப் பயன்படுத்தும் முன், கண்டுபிடிப்பின் உரிமை யாருக்கு என்ற ஒப்பந்தத்தை வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள். ஆய்வக நேரம் மலிவாகக் கிடைக்கும். காப்புரிமையில் பங்கு கொடுத்தால் அது மலிவல்ல.